குதிக்கால் வெடிப்பும் வீட்டு மருந்தும்



எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடத்துகிறேன். திரைக்கு அப்பாலிருந்து சீட்டில் கேள்வி எழுதி அனுப்புவார்கள். ஒரு கச்சான் காலத்தில் வந்த சீட்டொன்றில் இப்படி எழுதியிருந்தது: "குதிக்கால் வெடிப்புக்குள் மெழுகுதிரியை உருக்கி ஊற்றியிருக்கிறேன். என் வுழூ கூடுமா?"

மார்க்கப் பதில் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது. ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல் மஜ்மூஉ எனும் நூலில் இதே விடயத்தைப் பேசியிருக்கிறார்கள். பாத வெடிப்புகளில் கொழுப்பையோ மெழுகையோ உருக்கி விட்டவர், அதன் பொருள் அங்கே தங்கியிருந்தால் வுழூவுக்கு முன் அதை நீக்க வேண்டும். ஏனென்றால் தண்ணீர் தோலில் படுவதை அது தடுக்கிறது. மருதோண்டியின் வெறும் நிறம் மட்டும் எஞ்சியிருந்தால் குற்றமில்லை. எண்ணெய் பூசிய பாதத்தில் தண்ணீர் பட்டு ஓடிவிட்டால், அது தரிக்காமல் வழிந்தாலும் வுழூ கூடும். இதுதான் அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். எழுநூறு வருடங்களுக்கு முன்பே வெடிப்புக்குள் மெழுகு ஊற்றிக்கொண்டு மக்கள் வேதனைப்பட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து நமக்குத் தெரிகிறது.

பதிலைச் சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் மனதில் உறைத்தது. அந்தச் சகோதரி உருகிய மெழுகைத் தன் காலில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்த வெடிப்பு அவரை வருத்தியிருக்கிறது. நானோ மெழுகைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருக்கிறேன். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் வைத்தியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதியவன். ஆனால் குதிக்கால் வெடிப்பு எங்கள் வீட்டில் ஏற்படுத்திய வடு ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு இதைப் பற்றி டொக்டர்மாரிடமும் பரிசாரிமாரிடமும் கேட்டுப் படித்துக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

குதிக்கால் ஏன் வெடிக்கிறது?

நமது உடம்பின் தோலில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தோல் காய்ந்து போகாமல் காப்பவை அவைதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் அவை இல்லை. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள் மாத்திரமே. ஆகவே பாதத்தின் அடித்தோல் தனது ஈரத்தைத் தானே பாதுகாக்க வழியில்லாதது. அத்துடன் உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குவதற்காக அந்தத் தோல் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடித்தும் இருக்கிறது.

குதிக்காலின் உள்ளே கொழுப்பாலான ஒரு மெத்தை உண்டு. நாம் நிற்கும்போது அந்த மெத்தை நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. மேலுள்ள தோல் ஈரமாக இருந்தால் அதுவும் கூடவே இழுபட்டுக் கொடுக்கும். காய்ந்து தடித்திருந்தால் கொடுக்காது, பிளந்துவிடும். காய்ந்த வயல் வரம்பு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். முதலில் மேல்தோல் மட்டும் பிளக்கும். அப்போது வலி இருக்காது. பிளவு ஆழமாகி உயிருள்ள தோலைத் தொட்டதும்தான் எரிவும் இரத்தமும்.

இதை நாம் "பித்த வெடிப்பு" என்கிறோம். பித்தம் கூடியதால் வருகிறது என்று பெரியவர்கள் நம்பியதால் வந்த பெயர். ஈரலுக்கும் பித்தத்துக்கும் இதில் பங்கில்லை என்பதே இன்றைய மருத்துவம் சொல்வது. பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பித்தத்துக்கு மருந்து குடித்துக்கொண்டு காலைக் கவனிக்காமல் விடுவதில் பயனில்லை.

யாருக்கு அதிகம் வருகிறது என்று பாருங்கள். சுபஹுக்கு எழுந்ததிலிருந்து இரவு பாத்திரம் கழுவி முடிக்கும் வரை சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குடும்பப் பெண்ணுக்கு வருகிறது. வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கும், புத்தளத்து உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணுக்கும் வருகிறது. வெளிநாட்டில் குளிரூட்டிய வீடுகளில், நாளெல்லாம் தரை கழுவும் மருந்துத் தண்ணீரில் நின்று வேலை செய்து திரும்பிய சகோதரிகளின் கால்களைக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் உடம்பு பருத்தவர்களுக்கும் பாரம் கூடுவதால் வருகிறது. பின்புறம் திறந்த இறப்பர் செருப்பை மாத்திரமே போடுகிறவர்களுக்கும் வருகிறது. குதிக்கால் மெத்தை பின்னால் பிதுங்குவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை.

கிழக்கிலே ஜூன் மாதம் தொடக்கம் கச்சான் வீசும்போது உதடும் காலும் சேர்ந்தே வெடிக்கின்றன. வெலிமடை, நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரிக் குளிர் அதே வேலையைச் செய்கிறது.

"எத்தனை முறை வுழூச் செய்கிறோம், கால் எப்படிக் காயும்?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் படுவதால் தோல் ஈரமாவது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் காற்றில் காயும்போது தோலுக்குள் இருந்த ஈரத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகிறது. கூடவே சவர்க்காரமும் பட்டால் இருக்கும் கொஞ்ச எண்ணெய்ப் பசையும் போய்விடும். ஈரத்தைத் தோலுக்குள் பூட்டிவைக்க மேலே ஏதாவது பூசினால் மட்டுமே தண்ணீர் நன்மை தரும். இந்த ஒரு விடயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் மருந்துகள் எல்லாம் விளங்கிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

இரவு இஷாத் தொழுகையும் வேலைகளும் முடிந்த பின் ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் எடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். அதற்கு மேல் வேண்டாம். கால்களைப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஊறவிடுங்கள். வேண்டுமானால் மென்மையான சவர்க்காரம் சிறிது சேர்க்கலாம். உப்புப் போட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். உப்பு தோலை மேலும் காயவைப்பது. இதற்கு அது தேவையில்லை.

தோல் ஊறி வெளுத்ததும் பியூமிஸ் கல்லாலோ பீர்க்கு நாராலோ மெதுவாகத் தேயுங்கள். முன்னர் நம் வீட்டுக் கிணற்றடியில் சொரசொரப்பான கல்லொன்று இதற்காகவே கிடக்கும். உம்மம்மாமார் குளிக்கும்போது அதில் குதிக்காலை உரசிக்கொள்வார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரே நாளில் தடித்த தோல் முழுவதையும் எடுத்துவிட நினைக்க வேண்டாம். கிழமைக்கு இரண்டு, மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக. இரத்தம் கசியும் வெடிப்பாக இருந்தால் அது ஆறும் வரை தேய்க்கவே கூடாது. ஒருவர் பாவித்த கல்லை மற்றவர் பாவிக்காமல் இருப்பதும் நல்லது.

பின்னர் துணியால் ஒற்றித் துடையுங்கள். விரலிடுக்குகளை நன்றாகவே துடையுங்கள். பாதத்தில் ஈரப்பசை சற்று இருக்கும்போதே, ஐந்து நிமிடத்துக்குள், எண்ணெய் பூச வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறு விடுகிறார்கள். காலை ஊறவைத்துக் கழுவிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு நேரம் கிடைக்கும்போது எண்ணெய் தடவுகிறார்கள். காய்ந்த தோலின் மேல் எண்ணெயைப் பூசினால், பூட்டிவைக்க உள்ளே ஈரம் ஏது?

எந்த எண்ணெய் சிறந்தது என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். 2004ம் ஆண்டு பிலிப்பைன்ஸில் வறண்ட தோலுடைய 34 பேருக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஒயிலையும் பூசி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கிழமைகளில் தேங்காய் எண்ணெயும் அதற்குச் சமமாகவே வேலை செய்ததைக் கண்டார்கள். கால்களின் தோலில் செய்த சோதனை அது. குதிக்கால் இன்னும் தடித்தது என்பதால் நாள் கூடப் பிடிக்கும். நல்லெண்ணெயும் நல்லது. ஆமணக்கெண்ணெய் தடிப்பானது, ஒட்டிக்கொண்டு நிற்பதால் குதிக்காலுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் கையெல்லாம் பிசுபிசுக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் அதை விரும்புவதில்லை. வேப்பெண்ணெயின் வாடை பிடித்தவர்கள் அதைச் சிறிது கலந்துகொள்ளலாம்.

எண்ணெய் பூசியதும் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். இதுதான் பாதி வைத்தியம். காலுறை இல்லாவிட்டால் எண்ணெய் பாய்க்கும் தலையணைக்கும்தான் மருந்தாகும். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது பெண்களுக்குத் தொழுகையில் பாதத்தை மறைக்க வேண்டியிருப்பதால் அநேகமாக எல்லோர் வீட்டிலும் காலுறை உண்டு. தொழுகைக்கு வைத்திருப்பதை எண்ணெயில் தோய்த்துவிடாமல், பழையது ஒரு சோடியை இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கிளிசரினும் பன்னீரும். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் வாங்கிய பன்னீர்ப் போத்தல் எந்த வீட்டிலும் ஒரு மூலையில் இருக்கும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு பன்னீர் சேர்த்துக் குலுக்கி வைத்துக்கொள்ளலாம். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. கச்சான் போன்ற வரண்ட காற்றில் தனிக் கிளிசரினைப் பூசினால் தோலின் உள்ளிருந்தே ஈரத்தை இழுக்கும். ஆகவேதான் பன்னீர் சேர்ப்பது. மேலே சிறிது எண்ணெயும் தடவிக்கொண்டால் இன்னும் நல்லது.

வெடிப்பு ஆழமாக இருப்பவர்களுக்கு ஒரு தைலம் சொல்கிறேன். சுத்தமான தேன்மெழுகு 25 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம். ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சிறிய பாத்திரத்தை வைத்து அதிலே இரண்டையும் உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். உருகியதும் இறக்கி, மூடியுள்ள போத்தலில் ஊற்றி முழுவதும் ஆறவிடுங்கள். களிம்புபோல் இறுகிவிடும். ஆறிய பிறகுதான் காலில் பூச வேண்டும். இந்த மெழுகுத் தைலம் தண்ணீரைத் தடுக்கக்கூடியது. ஆதலால் இஷாவுக்குப் பின் பூசி, சுபஹுக்கு வுழூச் செய்யுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் பகலிலும் பூசிக்கொள்ளலாம்; மெழுகு வைத்தியத்துக்கு அதைவிட வசதியான நாட்கள் இல்லை.

கற்றாழைச் சோறு எரிவைத் தணிக்கும்; மேலே எண்ணெய் பூசாவிட்டால் அதுவும் காய்ந்துவிடும். கனிந்த வாழைப்பழத்தையும் பப்பாசியையும் பூசச் சொல்கிறார்கள். கெடுதல் இல்லை. ஆனால் எண்ணெய் செய்யாத எதையும் அவை செய்துவிடப் போவதில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுங்கள்.

மருதோண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலையை அரைத்துக் குதிக்காலில் அப்பிக்கொள்வது நமது பெண்களின் பழைய வழக்கம். இலையை வீட்டில் அரைத்தால் பயமில்லை. சூடு தணிவதுபோல் ஒரு சுகமும் உண்டு. ஆனால் அது காய்ந்து உதிரும்போது தோலையும் காயவைக்கும். ஆகவே கழுவிய உடன் எண்ணெய் பூச மறக்க வேண்டாம். கடைகளில் "கறுப்பு மருதோண்டி" என்று விற்பது வேறு. அதிலே தலைமயிர்ச் சாயத்தில் கலக்கும் இரசாயனம் சேர்க்கப்படுவதுண்டு. அதனால் கொப்புளமும் தழும்பும் வந்தவர்கள் இருக்கிறார்கள். திறந்த வெடிப்பின் மேல் அதைப் பூசவே கூடாது.

காசு கொடுத்து வாங்குவதென்றால் வஸலின் மலிவானது, நல்லது. பாமஸியில் யூரியா கலந்த கிறீம் கேட்டு வாங்கலாம். யூரியா என்றதும் வயலுக்குப் போடும் பசளை என்று சிரிக்க வேண்டாம். நமது தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள்தான் அது. தண்ணீரைப் பிடித்து வைத்துத் தடித்த தோலை இளக்கும். அரச ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் கொடுக்கும் எளிய களிம்புகளையும் அலட்சியமாக நினைக்காதீர்கள். விலை கூடியதுதான் வேலை செய்யும் என்பதில்லை.

எதைச் செய்தாலும் தொடர்ந்து செய்ய வேண்டும். குதிக்கால் தோல் புதுப்பிக்கப்பட நாலு, ஐந்து கிழமைகளாவது ஆகும். மூன்று நாள் பூசிவிட்டு "சரிவரவில்லை" என்று விட்டுவிட்டால் மருந்தின்மேல் குற்றமில்லை.

செருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் செருப்புப் போட்டால் தரை அசுத்தமாகிவிடும் என்பார்கள் நமது பெண்கள். சரிதான். வெளியே ஒருபோதும் போடாத ஒரு சோடி மென்மையான செருப்பைக் குசினிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர்மாரும் கேட்டுக்கொள்ளட்டும்: பெருநாளைக்கு மனைவிக்கு வாங்கும் பளபளக்கும் சாரியின் விலையில் ஒரு சிறு பங்குதான் இது.

செய்யக்கூடாதவை

பிளேட்டால் சீவுவது பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் கணவர் முகம் மழித்த பிளேட்டே இதற்குப் பயன்படுகிறது. துருப்பிடித்த ஒரு கீறல் ஏற்புவலிக்கு வாசலாகலாம். அதிகமாகச் சீவினால் தோல் முன்னைவிடத் தடித்து வளரும் என்பது வேறு. மெழுகுதிரி ஊற்றுவது, மண்ணெண்ணெய் தடவுவது, தேசிக்காய்ப் புளியைத் திறந்த வெடிப்பில் தேய்ப்பது, வெடிப்பை ஒட்டுப்பசையால் ஒட்டுவது ஆகிய எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

எங்கள் உம்மாவின் கால்

இனி நான் முன்னர் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். 2008ம் ஆண்டு. எங்கள் உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பத்து வருடங்களுக்கு மேலாகியிருந்தது. இரு குதிக்காலும் நன்றாக வெடித்திருந்தன. "டொக்டரிடம் காட்டுவோமா?" என்று கேட்டால், "இது பித்த வெடிப்புத்தானே மகன், வயல்ல நிண்ட காலுக்கு வாறதுதான்" என்பார். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். வலிக்காதது நல்ல செய்தி என்றுதான் நான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மாமி உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால் வைக்கும்படி சொல்லியிருந்தார். ஒருநாள் மஃரிபுக்குப் பின் நானே கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பேசினில் பச்சைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். உம்மா காலை வைத்தார். "சூடே இல்ல மகன், இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றார். மீண்டும் ஊற்றினேன். நான் கையை வைத்துப் பார்க்கவில்லை. உம்மா முகம் சுளிக்காமல் கால்மணித்தியாலம் இருந்தார்.

காலையில் வலது பாதத்தில் பெரிய கொப்புளங்கள். அவை உடைந்து புண்ணாகின, புண் ஆறவில்லை. எண்ணெயும் மஞ்சளும் போட்டுப் பத்து நாட்களை நாங்கள் வீட்டிலேயே கழித்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. இரண்டையும் எடுத்தார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிய விடயம் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அதன் பின் ஆறு வருடங்கள் உம்மா இருந்தார். சுஜூதில் விரல்களை ஊன்ற முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழுதார். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றியது நான்தான்.

சீனி வருத்தம் நாளாகும்போது கால் நரம்புகளைக் கெடுக்கிறது என்று அந்த டொக்டர் பிறகு விளக்கினார். சூடும் வலியும் தெரியாமல் போகும். வியர்வைக்கான நரம்புகளும் கெடுவதால் பாதம் வியர்க்காது, காய்ந்து வெடிக்கும். இரத்த ஓட்டமும் குறைவதால் சிறு புண்கூட ஆறாது. அந்த வெடிப்புக்குள் கிருமி போனாலும் வலிக்காது என்பதால் யாருக்கும் தெரியாது. வலிக்காத வெடிப்புத்தான் பயப்பட வேண்டிய வெடிப்பு.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் சீனி வருத்தமுள்ளவர் இருந்தால் மேலே நான் எழுதிய ஊறவைக்கும் வைத்தியம் அவருக்கு இல்லை. அவர் காலைச் சுடுதண்ணீரில் வைக்க வேண்டாம். கல்லால் தேய்க்கவும் வேண்டாம். தோலைக் கரைக்கும் சலிசிலிக் அசிட் கலந்த மருந்துகளையும் டொக்டரைக் கேட்காமல் பாவிக்கக் கூடாது. சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, குதிக்காலிலும் பாதத்திலும் எண்ணெயோ வஸலினோ பூசலாம். விரலிடுக்கில் பூச வேண்டாம். அங்கு ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெந்நீரில் குளிப்பதென்றால் கூட இருப்பவர் முழங்கையை வைத்துச் சூடு பார்க்கட்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது; ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அதைவிட மகளோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்ப்பது நல்லது. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேளுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தால், வீங்கினால், சீழோ நாற்றமோ வந்தால், தோல் கறுத்தால், காய்ச்சல் அடித்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் பத்து நாட்கள் காத்திருந்தோம்.

சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். ஒரு மாதம் ஒழுங்காக எண்ணெய் பூசியும் குணமில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். பாதம் முழுவதும் மாப்பூசியதுபோல் வெளுத்து உதிர்ந்து, நகமும் மஞ்சளாகித் தடித்திருந்தால் அது பங்கசு. அதற்கு வேறு மருந்து வேண்டும். உடம்பெல்லாம் காய்ந்து, களைப்பும் குளிரும் மயிர் உதிர்வும் சேர்ந்திருந்தால் தைரொயிட் குறைபாடா என்று இரத்தம் சோதிக்கலாம். இதுவரை ஒருமுறையும் சீனி சோதித்துப் பார்க்காதவர்கள் அதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

வுழூவின்போது

ஒரு பயணத்தின்போது அஸருக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக வுழூச் செய்த தோழர்கள் சிலரின் குதிக்கால்கள் நனையாமல் விடுபட்டிருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் உரத்த குரலில் எச்சரித்தார்கள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. வெடித்த குதிக்காலுடையவர் எரிவுக்குப் பயந்து அந்த இடத்தில் தண்ணீரை அரைகுறையாக விடக்கூடும். கையால் தடவித் தண்ணீரைச் சேர்த்துவிடுங்கள். எண்ணெய் தடவிய காலில் அது வழிந்து ஓடினாலும் போதும் என்பதை மேலே சொன்னேன். தண்ணீர் பட்டால் புண் மோசமாகும் என்று டொக்டர் சொல்லியிருந்தால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

வுழூவின் நீரைத் துடைக்காமல் விடுவதே சிறந்தது என்பது நமது மத்ஹபின் கருத்து. ஆனால் தேவைக்குத் துடைப்பதில் குறையில்லை. வெடித்த காலும் ஈரம் தங்கும் விரலிடுக்கும் தேவை அல்லாமல் வேறென்ன? குழாயடியில் சிறு துவாயொன்றைத் தொங்கவிடுங்கள்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள் பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே குதிக்காலைக் கவனிக்கத் தொடங்குவது நல்லது. அங்கே பளிங்குத் தரையில் நடக்கும் நடை கொஞ்சமல்ல. இஹ்ராமில் வாசனை கலந்த எதையும் பூசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் காலுக்கும் எண்ணெய் பூசாமல் சகித்துக்கொள்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் எண்ணெய் தடுக்கப்பட்டிருப்பது தலைமயிருக்கும் முக, தாடி மயிருக்கும்தான். வாசனையில்லாத எண்ணெயைப் பாதத்தில் பூசுவதற்குத் தடையில்லை. பெண்கள் இஹ்ராமில் காலுறையும் சப்பாத்தும் அணியலாம். வெடித்த காலுள்ளவர்கள் இந்தச் சலுகையை விட்டுவிட வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பில் அதே கையெழுத்தில் இன்னொரு சீட்டு வந்தது. "மெழுகை விட்டுவிட்டேன். எண்ணெயும் காலுறையும் போடுகிறேன். இப்போது இரத்தம் வருவதில்லை. ஆனால் காலுறையில் எண்ணெய் வாடை போகவில்லை, என்ன செய்வது?" என்று எழுதியிருந்தது. கிதாபுகளில் இதற்குப் பதிலில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டு அடுத்த வெள்ளி சொன்னேன்: சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் போட்டு ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பிக் கசக்கி, வெயிலில் காயவிட வேண்டும்.